ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவின் சூழல் எண்

எங்கள் பள்ளிக்கூட வாசலில் முன்பு ஒரு சரஸ்வதி படம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு எண் இருக்கிறது. ஆளுயரத் திரையில் பச்சை வெளிச்சத்தில் எரிகிறது. பெற்றோர்கள் வண்டியை நிறுத்தி, அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை இறக்கிவிடுகிறார்கள். அதன் பெயர் சூழல் எண். இந்தப் பள்ளியில் பிள்ளைகள் எவ்வளவு மகிழ்ச்சியாக, எவ்வளவு ஒற்றுமையாக, எவ்வளவு பயமில்லாமல் இருக்கிறார்கள் என்பதை நூற்றுக்கு இத்தனை என்று அது சொல்லிவிடும். காய்ச்சல் பார்ப்பதுபோல அவ்வளவு சுலபம்.

ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. ஆசிரியர்களுக்கும் உண்டு. நாடித்துடிப்பு, கையின் வேர்வை, மூச்சு எல்லாவற்றையும் பட்டை பார்த்துக்கொள்ளும். வகுப்பறைக் கூரையில் இருக்கும் ஒலிவாங்கி சிரிப்பு, கைதட்டல், அழுகை, கத்தல் என்று தரம் பிரித்துக்கொள்ளும். பாடவேளை முடிந்ததும் அந்த வகுப்பின் எண் வந்துவிடும். எல்லா வகுப்பும் சேர்ந்தது வாசலில் தெரியும். நிர்வாகம் அந்த எண்ணைக் காட்டித்தான் இந்த வருஷம் அட்மிஷனை இரண்டு மடங்காக்கியது.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வகுப்பாசிரியையும் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஆசிரியர் அறையில் பேச்சு உண்டு. அது உண்மைதான்.

பள்ளியிலேயே அதிக எண் என் வகுப்புக்குத்தான். தொண்ணூற்றாறு. ஆனால் என் பாடவேளையில் மட்டும் அது ஐம்பதுக்கு இறங்கிச் சிவந்துவிடும். காரணம், நான் கத்துகிறேன். நான் கத்துவதற்குக் காரணம் மழைக் கைதட்டு.

இந்த எண்ணைப் போடும் கருவியைப் பூட்டிய கையோடு, அதைக் கொண்டுவந்த திட்டத்துக்காரர்கள் ஆசிரியர்களுக்கு ஒரு முகாம் நடத்தினார்கள். பிள்ளைகளை ஊக்கப்படுத்துவது எப்படி என்று பாடம். பூக் கைதட்டு, ரயில் கைதட்டு, மழைக் கைதட்டு என்று வகைவகையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மழைக் கைதட்டு என்றால் முதலில் உள்ளங்கையில் ஒரு விரலால் தட்ட வேண்டும். பிறகு இரண்டு விரல், மூன்று விரல், நாலு விரல், கடைசியில் முழுக் கை. தூறலாகத் தொடங்கிக் கனமழையாக முடியும். நன்றாகப் பதில் சொன்ன பிள்ளைக்கு வகுப்பே சேர்ந்து இதைச் செய்ய வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முப்பிடாதி இந்த வருஷம்தான் எங்களிடம் சேர்ந்தாள். அம்மா கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவர். பிள்ளைக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் பொறுத்தால் சொல்லிவிடுவாள், அதுவும் சரியாகச் சொல்லிவிடுவாள். பொறுக்கத்தான் யாரும் தயாராக இல்லை. சேர்ந்த முதல் வாரத்தில் ஏதோ ஒரு கேள்விக்கு எழுந்து நின்று, வாய் திறந்தபடி சிக்கிக்கொண்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த நிவாஷினி என்ற பிள்ளை ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தாள். இரண்டு விரல், மூன்று விரல் என்று வகுப்பு முழுவதும் சேர்ந்துகொண்டது. கனமழை கொட்டி முடிப்பதற்குள் முப்பிடாதி உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் வாயைத் திறந்தால் மழைதான். வருகைப் பதிவுக்கு அவளால் ‘உள்ளேன்’ சொல்ல முடியாது. தண்ணீர் பாட்டில் கேட்க முடியாது. மற்ற ஆசிரியர்களோ, “எப்படி ஊக்கம் குடுக்குதுக பாருங்க, நம்ம காலத்துல இதெல்லாம் உண்டா?” என்று பூரித்துப்போனார்கள். கைதட்டலும் சிரிப்பும் சேர்ந்து எண்ணை ஏற்றிவிட்டன. என் வகுப்பில் நான் மேசையைத் தட்டி நிறுத்துவேன். எண் இறங்கிவிடும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, முப்பிடாதி தானே தலைமையாசிரியர் தனுஷ்கோடி சாரிடம் போய்ச் சொன்னாள். மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

“உங்க வகுப்புப் பிள்ளை என்ன சொல்லுது தெரியுமா டீச்சர்? வகுப்பே சேந்து கொடுமைப்படுத்துதாம்.”

“உண்மைதான் சார்.”

“உண்மையா? இதைப் பாருங்க.” மேசைமேல் இருந்த திரையை என் பக்கம் திருப்பினார். முப்பிடாதியின் பட்டை வரைந்த கோடு அது. மழைக் கைதட்டு நடக்கும் இடங்களில் எல்லாம் விறுவிறுவென்று ஏறியிருந்தது. “நெஞ்சு துடிக்குது, கை வேர்க்குது. கருவி என்ன போட்டிருக்கு? உற்சாகம். உள்ள இருக்கும்போது குஷி தாங்கல. வெளிய வந்து கொடுமைங்கா. கை ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது. நான் எதை நம்ப?”

“வாயை நம்புங்க சார். அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல எம்புட்டுக் கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும். அம்புட்டுக் கஷ்டப்பட்டு வந்து பொய்யா சொல்லும்?”

“பொய்ப் புகார் குடுத்தா என்ன விதின்னு உங்களுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை அவுக அம்மாவ வரச் சொல்லியாச்சு. டி.சி. குடுத்து அனுப்பிருவேன்.”

டி.சி. மட்டும் இல்லை. அதில் நடத்தை என்ற இடத்தில் ‘திருப்தியில்லை’ என்றும் எழுதப்போவதாகச் சொன்னார். அப்படி எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எந்தப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கும்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிந்ததை அவர் மேசைமீதே கொட்டினேன். என் பட்டை வாசல் எண்ணை இரண்டு புள்ளி இறக்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவரும் விடவில்லை. “கத்தாதீங்க டீச்சர். உங்களாலதான் உங்க வகுப்பே செவந்து கிடக்கு. நான் நியாயம் தெரியாதவன் இல்ல. அந்த வகுப்புல ஒரே ஒரு பிள்ளை, ஒண்ணே ஒண்ணு, என் முன்னால ‘ஆமா சார், கொடுமைதான்’னு சொல்லட்டும். டி.சி.ய நானே கிழிச்சுப் போடுதேன்.”

நான் போய் வகுப்பில் கேட்டேன். முப்பத்தைந்து முகங்களும் கல்லாகிவிட்டன. நிவாஷினி மட்டும் எழுந்தாள். நல்ல படிப்பு, நல்ல எழுத்து, வகுப்புத் தலைவி. “நாங்க என்கரேஜ்தான் பண்ணுதோம் மிஸ். நீங்கதான் அதையும் தப்பாப் பாக்கீங்க” என்றாள். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. என் கையில் பட்டை இருந்தது.

கருவியைக் கொண்டுவந்து பூட்டியவர் டாக்டர் கார்முகில். சென்னைக்காரர், முப்பது வயது இருக்கும். பள்ளிச் சூழலை அளப்பது எப்படி என்றே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். வாரத்தில் ஒருநாள் வந்து எங்கள் ஆய்வுக்கூடத்தை ஒட்டிய அறையில் உட்கார்ந்திருப்பார். அவரைத் தேடிப் போனேன். டாக்டர் என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

“தம்பி, சூழல்னா என்னன்னு மொதல்ல எனக்குச் சொல்லுங்க.”

அவர் முகம் சுருங்கியது. ஆனால் பதில் சொன்னார். “அதுல ரொம்ப வருஷமா சண்டை நடக்குது மேடம். ஒரு பள்ளி எப்படி இருக்குன்னு பசங்களைக் கேட்டா, ஒருத்தன் சொர்க்கம்னு சொல்லுவான், ஒருத்தன் நரகம்னு சொல்லுவான். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா வர்றது ரெண்டு பேரோட அனுபவமும் இல்ல. அதனால நாங்க இப்படி வரையறுத்தோம். எல்லாரும் ஒரே மாதிரி உணர்றது எதுவோ, அதுதான் அந்த இடத்தோட சூழல். ஒத்துப்போனா எண் ஏறும். சிதறினா இறங்கும்.”

“ஊரே சேந்து ஒருத்தன அடிச்சாலும் ஒத்துப்போய்த்தான அடிப்பாக?”

“நல்ல உணர்வா கெட்ட உணர்வான்னும் பாக்கறோம் மேடம். சிரிப்பு, கைதட்டு நல்ல பக்கம். அழுகை, கத்தல் கெட்ட பக்கம்.” கத்தல் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

“சரி, கத்துதேன். அதை விடுங்க. பயந்தாலும் நெஞ்சு அடிக்கும், சந்தோஷம்னாலும் அடிக்கும். நான் பாடம் எடுக்கிறதே அதைத்தான். உங்க பட்டை ரெண்டையும் எப்படிப் பிரிக்கும்?”

“பட்டையால மட்டும் பிரிக்க முடியாதுதான். சுத்தி இருக்கறவங்களை வச்சுப் பிரிக்கறோம். சுத்தி எல்லாரும் சந்தோஷமா இருக்கும்போது ஒருத்தருக்கு நெஞ்சு அடிச்சா, அது சந்தோஷம்தான்னு எடுத்துக்கறோம்.”

“சுத்தி இருக்கவுக சந்தோஷமா இருக்காகளா?”

“தொண்ணூத்தாறு மேடம்.”

“எண்ணைச் சொல்லாதீங்க. பிள்ளைகளைச் சொல்லுங்க.”

“எண்ணே பிள்ளைங்கதான். யாராவது ஒருத்தர் மட்டும் விலகி நின்னா கருவி அதைப் பிழைன்னு ஒதுக்கிடும். பட்டை தளர்ந்திருக்கும், காய்ச்சலா இருக்கும், வீட்ல சண்டையா இருக்கும். அவரை விட்டுட்டு மறுபடி கணக்குப் போடும்.”

“மறுபடி போட்டா, இப்ப இன்னொருத்தரு விலகி நிப்பாருல்ல?”

“அவரையும்…” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அவரையும் ஒதுக்கிருமோ? எதுவரைக்கும்?”

“மிச்சம் இருக்கறவங்க ஒத்துப்போற வரைக்கும்.”

“எத்தனை பேரை ஒதுக்கியிருக்குன்னு நீங்க பாத்திருக்கீங்களா தம்பி?”

“அது தானா நடக்கும் மேடம். அதை யாரும் பாக்கறதில்ல.”

“இப்பப் பாருங்க.”

நான் நகர மாட்டேன் என்று தெரிந்ததும் அவர் உட்கார்ந்து எதையெதையோ தட்டினார். எரிச்சலோடுதான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் போய்விட்டது. இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் போட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார்.

“முப்பத்தாறு பேர்ல ஏழு பேர்தான் மேடம் கணக்குல நிக்கறாங்க. அந்த ஏழு பேருக்கும் நெஞ்சு ஒரே மாதிரி படபடன்னு அடிக்குது. அதுதான் தொண்ணூத்தாறு. மீதி இருபத்தொம்பது பேரும் பிழைன்னு போயிட்டாங்க.”

“அந்த இருபத்தொம்பது பேருக்கு என்ன?”

“கை சில்லுன்னு இருக்கு. கை தட்டறாங்க, ஆனா மூச்சை அடக்கிட்டு இருக்காங்க.”

“முப்பிடாதி எதுல இருக்கா?”

பெயர் சொல்லக் கூடாது என்பது அவர்கள் விதி. ஆனாலும் அவர் சொல்லிவிட்டார். “அந்த ஏழுல ஒண்ணு அவங்கதான் மேடம். கருவி அவங்களை ஒதுக்கவே இல்லை.”

அதாவது, அந்த அறையில் பயத்தில் செத்துக்கொண்டிருந்த பிள்ளையின் நெஞ்சடிப்பையும் சேர்த்து எண்ணித்தான் அது மகிழ்ச்சி என்று வாசலில் போட்டிருக்கிறார்கள். நான் அவரை என்னென்னவோ சொல்லித் திட்டினேன். அதை எழுத முடியாது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கடைசியில், “இதை வெளியில சொல்லாதீங்க மேடம், இன்னும் நாப்பது பள்ளியில இதே கணக்குதான் ஓடுது” என்றார். மற்றவர்களின் பெயரைக் கேட்டேன். பசங்களின் பாதுகாப்புக்காகப் பெயர் தர முடியாது என்றார். பாதுகாப்பாம்!

தனுஷ்கோடி சாரிடம் அன்றைக்கே சொன்னேன். “கணக்கை மாத்திப் போட்டா என்ன வேணாலும் வரும் டீச்சர். நான் கேட்டது ஆளு. ஒரு பிள்ளையக் கூட்டிட்டு வாங்க” என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை முதல் பாடவேளை என்னுடையது. வரும் வழியில் அலுவலக வாசல் பெஞ்சில் முப்பிடாதியின் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “எம் பிள்ள மேல என்ன குத்தம் டீச்சர்?” என்று கேட்டார். ஒரு குற்றமும் இல்லை என்றேன். “பொறவு எதுக்கு வரச் சொன்னாக?” என்றார்.

வகுப்பில் முப்பிடாதி தன் இடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. டாக்டர் கார்முகில் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வெளியில் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டது காற்றோடு போகட்டும்.

“மழைக் கைதட்டுத் தட்டும்போது உங்கள்ல இருபத்தொம்பது பேரு மூச்சை அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ஒவ்வொருத்தியும் ஒவ்வொருத்தனும் நாம மட்டும்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. கருவியும் அப்படித்தான் நெனச்சு, உங்களை ஒவ்வொண்ணாத் தூக்கி வெளிய போட்டிருக்கு. யாருன்னு எனக்குத் தெரியாது. ஒரே ஒரு ஆளு எந்திரிச்சு எங்கூட வந்து சாரிட்டச் சொன்னாப் போதும். இவளுக்கு டி.சி. கிடையாது.”

யாரும் அசையவில்லை. பக்கத்தில் இருப்பவரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

“முப்பிடாதியை விட்டா மீதி ஆறு பேரு யாரு மிஸ்?” என்று ஒரு பையன் கேட்டான்.

“தெரியாதுன்னு சொன்னேன்ல.”

தெரியாது என்று நான் சொன்னதுதான் தாமதம், மொத்த வகுப்பும் நிவாஷினியைத் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் யாரோ உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டினார்கள். அடுத்த வரிசை சேர்ந்துகொண்டது. இரண்டு விரல். மூன்று விரல். இந்தத் தடவை மழை நிவாஷினிக்கு. நான் மேசையைத் தட்டி நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அவளுக்கு வேண்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

“நிறுத்துங்கட்டி!” நிவாஷினி பெஞ்சை உதைத்துக்கொண்டு எழுந்தாள். முகம் வெளிறியிருந்தது. “எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? நெஞ்சு அடிச்சா பயமாயும் இருக்கும்னு மிஸ்ஸே சொல்லுதாக. எட்டாம் கிளாஸ்ல என் பல்லைப் பாத்து நீங்க எல்லாரும் என்ன செஞ்சீங்க? மறந்துட்டீங்களா? நான் மொதல்ல தட்டலைன்னா எனக்குத்தான் தட்டுவீங்க. இப்பத் தட்டுதீங்கல்ல! ஒவ்வொரு தடவையும் கையி நடுங்கிக்கிட்டேதான் தட்டினேன்.”

தட்டல் நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் ஒரு பிள்ளை, “எனக்கும் நெஞ்சு அடிக்கும் மிஸ். பயத்துலதான்” என்றாள். இன்னொருத்தன், “எனக்கும்” என்றான். எனக்கும், எனக்கும் என்று நாலா பக்கமும் குரல் வந்தது. எத்தனை பேர் உண்மை சொன்னார்கள், எத்தனை பேர் தப்பித்துக்கொள்ளப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நிவாஷினி சொன்னதுகூட உண்மையா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ‘எனக்குப் பிடித்துத்தான் தட்டினேன்’ என்று அந்த அறையில் ஒரு வாய்கூடச் சொல்லவில்லை.

தனுஷ்கோடி சார் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். வாசலில் எண் சரசரவென்று இறங்குவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. என்னைத் திட்டுவதற்காகத்தான் வந்தார். எவ்வளவு நேரமாக நின்று கேட்டாரோ, திட்டவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“சரி. நான் ஒண்ணு கேட்டேன், வகுப்பே சொல்லிருச்சு. டி.சி. வேண்டாம். நீ உக்காரும்மா முப்பிடாதி.”

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். வகுப்பிலும் ஒரு பெருமூச்சு கேட்டது. சில பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

முப்பிடாதி உட்காரவில்லை. எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வரவில்லை. தாடை இழுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒருத்தரும் தட்டவில்லை. இதற்குமுன் அந்த வகுப்பில் அவளுக்காக யாரும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

“அப்போ… யா… யாருக்குமே பிடிக்கல.” மெதுவாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். “ஒ… ஒருத்தருக்குக்கூடப் பிடிக்காமத்தான் எ… எனக்கு இதைச் செஞ்சீங்களா?”

நிவாஷினி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் “முப்பிடாதி” என்று கூப்பிட்டபடி ஓரடி முன்னால் போனேன். அவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள். பிறகு தனுஷ்கோடி சார் பக்கம் திரும்பினாள்.

“எ… எனக்கு டி.சி. வேணும் சார். ந… நடத்தை நன்றுன்னு எழுதித் தாங்க. அம்மா கா… காத்துக்கிட்டு இருக்காக.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். தனுஷ்கோடி சார் ஒதுங்கி வழிவிட்டார்.